காலியாகக் கிடக்கும் நிலத்தில் மானுக்குப் பயிர் போடலாமா? (மறையூர் பக்கம்)

பாம்பாற்றங்கரை:

எல்லோருக்கும் வணக்கம். கேரளாவில் மறையூருக்கும் காந்தளூருக்கும் நடுவில், காட்டை ஒட்டி எங்களுக்கு மூன்றரை ஏக்கர் இருக்கிறது. தாத்தா காலத்தில் கரும்பு, ஆலை போட்டு வெல்லம் காய்ச்சியிருக்கிறார்கள். யானை வர ஆரம்பித்ததும் கரும்பை விட்டுவிட்டுக் கொஞ்ச காலம் தைலப்புல் வைத்தோம், அதுவும் கட்டுப்படியாகவில்லை. இப்போது ஆறு வருடமாக நிலம் சும்மாதான் கிடக்கிறது, பாதிக்கு மேல் உண்ணிச்செடி மூடிவிட்டது.

விஷயம் என்னவென்றால், அப்பாவுக்கு 79 வயது. சின்ன வயதில் இந்தச் சந்தனக்காட்டு ஓரமாக மாடு மேய்த்தவர், மிளா என்கிற கடமானும் புள்ளிமானும் எந்த ஓடையில் எப்போது இறங்கும் என்று அத்துபடி. இப்போது இரண்டு முட்டியும் போய்விட்டது, பகல் முழுக்கத் திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறார். "மிளாவைக் கண்ணால பாத்து மூணு வருஷம் ஆச்சு" என்று போன வாரம் சொன்னார். அதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை.

அக்கா மகன் அமெரிக்காவிலிருந்து ஒரு வீடியோ அனுப்பினான். அங்கே மானுக்கும் எல்க் என்கிற பெரிய மானுக்கும் என்றே நிலத்தை உழுது, குளோவர் என்கிற தீவனச் செடி, டர்னிப், ஓட்ஸ் எல்லாம் விதைக்கிறார்கள், சாயங்காலம் ஆனால் கூட்டம் கூட்டமாக வந்து மேய்கிறது. எல்க் பார்க்க நம்ம மிளா மாதிரியே இருக்கிறது. அதே மாதிரி திண்ணைக்கு எதிரில் அரை ஏக்கர் போட்டால் இங்கேயும் வருமா? என்ன விதை போடலாம், உடுமலையில் கிடைக்குமா? வேட்டை, கறி என்று எந்த எண்ணமும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பா உட்கார்ந்த இடத்திலிருந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

மலைப்பூண்டு:

தம்பி, அப்பாவுக்காக நினைக்கிறீர்கள், அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் நான் காந்தளூரில் பூண்டும் பீன்ஸும் போடுகிறவன், அதனால் நேராகவே சொல்கிறேன், தயவுசெய்து வேண்டாம்.

போன கார்த்திகையில் அரை ஏக்கர் பீன்ஸ் கொடி கட்டிப் பூ வைத்து நின்றது. இரண்டே இரவுதான். மிளா வேரோடு பிடுங்கித் தின்பதில்லை, குருத்தை மட்டும் ஒவ்வொன்றாகக் கிள்ளிக்கொண்டே போகும், காலையில் பார்த்தால் செடி நிற்கிற மாதிரியே இருக்கும், கிட்டே போய்ப் பார்த்தால்தான் ஒன்றும் மிச்சமில்லை என்று தெரியும். அதற்கப்புறம் நாற்பது நாள் பரணில் படுத்தேன், என் வீட்டுக்காரிக்குப் பனியில் சளி பிடித்து மாசக் கணக்கில் இருமல்.

நீங்கள் அரை ஏக்கரில் விருந்து வைத்தால் அது அந்த அரை ஏக்கரோடு நிற்காது. மிளாவுக்குச் சர்வே கல் தெரியாது. உங்கள் நிலத்தில் தின்று பழகியது அடுத்த நாள் என் நிலத்துக்கு வரும், அங்கே ருசி கண்டால் நான் விரட்டினாலும் போகாது. மிளாவோடும் முடியாது, பயறு வகை எது போட்டாலும் பன்றி வரும், மக்காச்சோளம் போட்டால் யானை வரும், பச்சைப் பசேலென்று புல் இருந்தால் காட்டெருமை வரும். காட்டெருமை திண்ணைக்கு எதிரில் நின்றால் அப்பாவை எப்படி உள்ளே தூக்கிக்கொண்டு ஓடுவீர்கள்?

கம்பத்துக்காரன்_கொலராடோ:

நான் கம்பத்தில் பிறந்து வளர்ந்தவன், 14 வருடமாக கொலராடோவில் இருக்கிறேன். அந்த மாதிரிப் பயிரை என் பக்கத்து நிலத்துக்காரர் வருடா வருடம் போடுகிறார், நானும் கூடவே நின்று விதைத்திருக்கிறேன், அதனால் வீடியோவில் வராததைச் சொல்கிறேன்.

முதலில் அது எதற்காக என்பது. பெரும்பாலும் வேட்டைக்காகத்தான். சீசன் வரும்போது மான் தன் நிலத்தில் நிற்க வேண்டும், அடுத்தவன் நிலத்துக்குப் போகக் கூடாது, அதற்குத்தான் இவ்வளவு செலவு. குளிர்காலத்துக்கு முன் மானுக்குச் சத்து ஏறட்டும் என்று நினைத்துச் செய்கிறவர்களும் உண்டு, ஆனால் விதை விற்கிற கடையில் பையின் மேல் இருக்கிற படமே பெரிய கொம்புள்ள கிடாதான்.

வேலையும் லேசுப்பட்டது இல்லை. மண் பரிசோதனை செய்து, புளிப்பு மண்ணாக இருந்தால் சுண்ணாம்பு போட்டு, களை எடுத்து, அப்புறம்தான் விதை. குளோவர், சிக்கரி மாதிரிப் பல வருடம் நிற்கிறது ஒரு பக்கம், ஓட்ஸ், டர்னிப் மாதிரி ஒரு பருவத்துக்கு வருகிறது இன்னொரு பக்கம். டர்னிப்பை முதலில் மான் அவ்வளவாகத் தொடாது. உறைபனி விழுந்ததும் இலையில் இனிப்பு ஏறும், அதற்கப்புறம் வரிசையாக வந்து தின்னும். மறையூரில் அந்த உறைபனிக்கு எங்கே போவீர்கள்? குளோவர் ஊட்டி, கொடைக்கானல் குளிருக்குத் தானாகவே முளைத்துக் கிடக்கும், உங்கள் பக்கத்து வெயிலுக்குத் தண்ணீர் பாய்ச்சாமல் நிற்காது என்பது என் எண்ணம்.

எல்க் பற்றி ஒரு விஷயம். அது மிளா மாதிரி தெரிவது சரிதான், இரண்டும் மான் குடும்பம்தான். இலங்கையில் தோட்டம் போட்ட வெள்ளைக்காரர்கள் மிளாவையே எல்க் என்றுதான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் பழக்கம் வேறு. எல்க் கூட்டமாக வாழும், குளிர்காலத்தில் நூற்றுக்கணக்கில் ஒரே புல்வெளியில் நிற்பதை நானே பார்த்திருக்கிறேன், பகலிலேயே நிற்கும். மிளா அப்படி இல்லையே, தாயும் குட்டியுமாக இரண்டு மூன்று, கிடா என்றால் தனியாக, அதுவும் இருட்டின பிறகு. வீடியோவில் பார்த்த கூட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு விதைத்தால் ஏமாந்து போவீர்கள்.

அப்புறம் நோய். இதை யாரும் வீடியோவில் சொல்வதில்லை. 1967-ல் இதே கொலராடோவில், அடைத்து வளர்த்த மான்களிடம் ஒரு நோயை முதலில் கண்டார்கள். மான் மெலிந்து, எச்சில் ஒழுக, தலை தொங்கிச் சாகும், மருந்து கிடையாது. எச்சில், சிறுநீர், சாணம் வழியாகப் பரவும், மண்ணில் வருடக்கணக்கில் தங்கும். மான்களை ஒரே இடத்தில் கூட்டித் தீனி போட்டால் பரவ வழி வைத்த மாதிரிதான், அதனாலேயே பல மாநிலங்களில் தீனி கொட்டி மானை வரவழைக்கத் தடை இருக்கிறது. பக்கத்து வயோமிங்கில் 1912-ல் எல்க்குக்கு என்றே ஒரு சரணாலயம் தொடங்கினார்கள், குளிர்காலத்தில் பட்டினியால் சாகாமல் இருக்கட்டும் என்று தீனி போட ஆரம்பித்தது, நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் நிறுத்த முடியாமல் இன்றைக்கும் அதைப் பற்றிச் சண்டை நடக்கிறது. நல்ல எண்ணத்தில் தொடங்கியதுதான். ஒரு தடவை பழக்கிவிட்டால் விடுவது அவ்வளவு கஷ்டம்.

பாலாற்று_மேற்கு:

நான் வேலூர் மாவட்டம், ஆந்திர எல்லை, அந்தப் பக்கம் கௌண்டின்யா காடு. இரண்டு வருடம் முன்பு கொள்ளு விதைத்து, ஒரு ஓரத்தை அறுக்காமல் புள்ளிமானுக்கு என்று விட்டேன். மயில் பாதி, பன்றி பாதி. மான் வந்ததா என்றே தெரியவில்லை. எங்கள் அனுபவம் இவ்வளவுதான்.

வழிகாட்டி_சின்னார்:

மலைப்பூண்டு அண்ணன் சொன்னதும் கம்பத்துத் தம்பி சொன்னதும் இரண்டுமே சரி. ஆனால் பாம்பாற்றங்கரைத் தம்பியின் அப்பா மிளா பார்க்க வழியே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். சின்னார் வனவிலங்குச் சரணாலயத்தில் 11 வருடம் வாட்சராக இருந்தேன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

சட்டத்தை முதலில் முடித்துவிடலாம். 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்பதற்குச் சுடுவது மட்டும் அர்த்தம் இல்லை, இரை வைத்து இழுப்பதும் வேட்டையில்தான் சேரும். உங்களுக்கு வேட்டை எண்ணம் இல்லை, சரி. ஆனால் காட்டை ஒட்டிய நிலத்தில் தீனிப் பயிரும் அதற்கு எதிரில் உட்கார ஒரு இடமும் இருந்தால் பார்க்கிறவன் என்ன நினைப்பான்? எதுவும் செய்வதற்கு முன்னால் வனச்சரக அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லி, எழுதியும் கொடுத்துவிடுங்கள். உப்புக்கட்டி மட்டும் எந்தக் காரணத்துக்கும் வைக்காதீர்கள். உப்பு இருக்கிற இடத்துக்கு மிளா தினமும் வரும், அது எந்த நேரம் வரும் என்று தெரிந்த இடத்தில்தான் சுருக்குக் கம்பி போடுகிறவனும் வருவான். பன்றிக்கு என்று போட்ட கம்பியில் மிளா மாட்டிச் செத்ததை நான் மூன்று தடவை அவிழ்த்து எடுத்திருக்கிறேன்.

இப்போது பயிர். எதுவும் விதைக்க வேண்டாம். நிலத்தில் ஏற்கெனவே இருக்க வேண்டியதை அந்த உண்ணிச்செடி அமுக்கி வைத்திருக்கிறது. உண்ணித்தழையை மான் அவ்வளவாகத் தின்னாது, அதன் அடியில் புல் முளைக்காது, புதராக மூடிவிட்டால் மான் அதற்குள் நுழையவும் பயப்படும், ஏனென்றால் சிறுத்தை படுக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. அதை எடுத்துவிட்டு ஒரு மழைக்கு விட்டுப் பாருங்கள். சின்னார் மழை மறைவுப் பகுதி, ஆடி மழையை நம்பிப் பிரயோஜனம் இல்லை, நமக்கு ஐப்பசி கார்த்திகை மழைதான் மழை. அதற்கு முன்னால் சுத்தம் செய்தால் அறுகம்புல்லும் கொழுக்கட்டைப் புல்லும் தானாகவே எழும். பழைய தைலப்புல் தூர் இருந்தால் அதையும் கொஞ்சம் குறையுங்கள், முற்றினால் எதுவும் அதை வாயில் வைக்காது.

எது எதைத் தின்னும் என்று தெரிந்தால்தான் எதை எதிர்பார்க்கலாம் என்று தெரியும். புள்ளிமானுக்கு முக்கியமாகப் புல், குட்டைப் புல்லாக, நாலு பக்கமும் கண்ணுக்குத் தெரிகிற திறந்த இடம் வேண்டும். மிளா புல்லும் தின்னும், தழையும் தின்னும், பட்டையும் உரிக்கும், ஆனால் புதர் ஓரத்தை விட்டு அதிகம் விலகாது. கேளையாடு என்கிற சின்ன மானுக்குக் கொழுந்தும் விழுந்த பழமும். இந்த மூன்றுக்குமே பிடித்தது ஒன்று உண்டு, நெல்லிக்காய். நெல்லி மரத்தடியில் காய் உதிர்கிற காலத்தில் போய் உட்கார்ந்தால் உங்கள் அப்பாவே சொல்லுவார், மான் காயை விழுங்கிவிட்டு அசை போடும்போது கொட்டையை வேறு இடத்தில் துப்பிவிடும், அங்கேதான் புதுச் செடி முளைக்கும். தான்றியும் குமிழும் அந்த மாதிரிதான். மரத்தில் மந்தி இருந்தால் இன்னும் நல்லது, அது பாதி தின்று கீழே போடுகிறதைப் பொறுக்க மான் வந்து நிற்கும். அதனால் பணம் செலவழிக்க வேண்டுமென்றால் விதைப் பைக்குச் செலவழிக்காதீர்கள், ஆறேழு நெல்லிக் கன்று வாங்கி நடுங்கள். நெல்லிக்கு யானை வந்து நிலத்தை மிதிக்கிற பயம் கரும்பு அளவுக்குக் கிடையாது, பக்கத்துத் தோட்டத்துக்கும் அதனால் தொந்தரவு இல்லை.

திண்ணைக்கு எதிரில் வேண்டாம். மான் வருகிற இடத்துக்குச் செந்நாயும் சிறுத்தையும் வரும், அது அதன் பிழைப்பு. நிலத்தின் காட்டுப் பக்க ஓரத்தில் விட்டுவிட்டு அப்பாவுக்கு ஒரு பைனாகுலர் வாங்கிக் கொடுங்கள்.

கடைசியாக, வீட்டில் நாய் இருக்கிறதா? இதுதான் எல்லாவற்றிலும் பெரிய கேள்வி.

பாம்பாற்றங்கரை:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மலைப்பூண்டு அண்ணா, உங்கள் கோபம் நியாயம், பக்கத்து நிலத்தைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை, அது என் தப்புதான். விதைக்கிற எண்ணத்தை விட்டுவிட்டேன்.

வழிகாட்டி ஐயா, நாய் இரண்டு இருக்கிறது, ராத்திரி அவிழ்த்துத்தான் விடுவோம். உங்கள் பதிலை அப்பாவுக்கு முழுசாக வாசித்துக் காட்டினேன். நெல்லி என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார், கேளையாடு கொட்டை துப்புவதை அவர் அப்பா அவருக்குக் காட்டிக் கொடுத்தாராம், எந்தப் பாறைக்குப் பக்கத்தில் என்பது வரைக்கும் சொன்னார். ஒரு மணி நேரம் பேசினார், சமீபத்தில் இவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை.

உண்ணிச்செடியை எப்படி எடுப்பது? போன வருடம் ஆள் விட்டு வெட்டினேன், மூன்று மாதத்தில் முன்பைவிட அடர்த்தியாக வந்துவிட்டது. தீ வைக்கலாமா?

வழிகாட்டி_சின்னார்:

தீ வைக்கவே கூடாது. காட்டுக்குள் ஏறினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, அதோடு எரிந்த இடத்தில் முதலில் துளிர்ப்பதும் உண்ணிதான்.

நாயை ராத்திரி கட்டுங்கள். நாய் துரத்துகிற நிலத்தில் நெல்லி என்ன, அமிர்தமே வைத்தாலும் மிளா நிற்காது. மான் குட்டி போட்டிருக்கிற சமயத்தில் இரண்டு நாய் போதும், ஒரு குட்டி மிஞ்சாது. நாய்க்குத் தடுப்பூசியும் போட்டுவிடுங்கள், அதனிடமிருந்து செந்நாய்க்கு நோய் ஒட்டும். மாடு இருந்தால் கோமாரி ஊசியும் அப்படித்தான், நம் மாட்டிலிருந்து மானுக்கும் காட்டெருமைக்கும் போகிற நோய் அது.

மலைப்பூண்டு:

தம்பி, வெட்டினால் உண்ணி சாகாது, வெட்ட வெட்டக் கிளைக்கும். தூரைச் சுற்றி மண்ணைக் கொஞ்சம் தள்ளிவிட்டு, தரைக்குக் கீழே இரண்டு மூன்று விரல் ஆழத்தில் ஆணிவேரை வெட்ட வேண்டும். வெட்டின செடியை அப்படியே தலைகீழாக, வேர் மேலே பார்க்கக் கவிழ்த்து வைத்துக் காய விட்டால் திரும்ப வேர் பிடிக்காது. மேலேயிருந்து அரிவாளால் சீவிவிட்டுப் போகிற வேலையில் பிரயோஜனமே இல்லை. காய் பழுக்கும் முன்னால் எடுங்கள், பழுத்தால் குருவி தின்று நிலம் பூராவும் விதைத்துவிடும். அடுத்த இரண்டு மழைக்கும் நாற்று முளைக்கும், அதைக் கையாலேயே பிடுங்க வேண்டும், அங்கேதான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஆழம் எவ்வளவு என்று எழுதிப் புரியாது. சனிக்கிழமை எனக்கு மறையூரில் வேலை இருக்கிறது, குந்தாலியோடு வருகிறேன், காட்டிக் கொடுக்கிறேன். இடம் எதென்று தனியாகச் செய்தி அனுப்புங்கள்.

பாம்பாற்றங்கரை: (நான்கு மாதம் கழித்து)

இந்த இழையை மறக்கவில்லை. அண்ணன் சொன்ன மாதிரியே வந்தார், அவரும் நானும் இரண்டு ஆளுமாக ஒன்பது நாளில் காட்டுப் பக்கம் அரை ஏக்கரை எடுத்துவிட்டோம். வனச்சரக அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தேன். ஐப்பசி மழைக்கு அறுகு நன்றாகப் பிடித்தது, கொழுக்கட்டைப் புல் அங்கங்கே திட்டுத் திட்டாக வந்திருக்கிறது. முதலில் முயல், அப்புறம் காட்டுக்கோழி. தை முதல் வாரம் ஒரு கேளையாடு விடிகாலையில் வந்து கால் மணி நேரம் நின்றது, அப்பா பைனாகுலரை யாருக்கும் கொடுக்கவில்லை.

மிளாவைக் கண்ணால் இன்னும் பார்க்கவில்லை. ஆனால் புழுக்கை கிடக்கிறது, ஓடைச் சேற்றில் புரண்ட தடம் இருக்கிறது. ராத்திரி "பொம்" என்று சத்தம் கேட்டால் அப்பா எங்கள் எல்லோரையும் எழுப்பிவிடுகிறார். சிறுத்தையைப் பார்த்துவிட்டுக் கத்துகிறது, கதவைத் திறக்காதே என்பார், அப்புறம் தூங்காமல் கேட்டுக்கொண்டே இருப்பார்.

ஒரே ஒரு சிக்கல். நட்ட ஏழு நெல்லிக் கன்றில் நாலின் குருத்தை ஏதோ கடித்துவிட்டது. முள் வைத்துப் பார்த்தேன், விலக்கிவிட்டுத் தின்கிறது. கூண்டு போட்டால் எவ்வளவு உயரம் வேண்டும்?

வழிகாட்டி_சின்னார்:

ஆறடிக்குக் குறையாமல் போடுங்கள், கிடா பின்னங்காலில் நின்று எட்டும். கம்பி வலை வேண்டாம், கொம்பு மாட்டும். மூங்கில் தப்பையை நெருக்கமாக நட்டு, செடிக்கும் கூண்டுக்கும் இரண்டடி இடைவெளி விடுங்கள். கடித்த கன்று சாகாது, பக்கத்தில் கிளைக்கும், பிடுங்கிவிட வேண்டாம். கடித்த இடம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து சொல்லுங்கள், வந்தது கேளையாடா, மிளாவா என்று அப்பாவே தோராயமாகச் சொல்லிவிடுவார்.